டப்பா சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பிழைக்கும்: லெட்டர்பாக்ஸிங் தொடங்குபவர்களுக்கு

லெட்டர்பாக்ஸிங் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ரப்பர் ஸ்டாம்ப் கடையில்தான். ஆசை ஆசையாக ஒரு முத்திரை செய்து, அதற்கு ஏற்ற மாதிரி அழகான நோட்டு ஒன்று வாங்கி, கடைசியில் சமையலறையில் சும்மா கிடந்த ஏதோ ஒரு டப்பாவில் இரண்டையும் திணித்து ஒளித்துவிட்டு வருகிறார்கள். ஆனி, ஆடி கழிந்து போய்த் திறந்தால் நோட்டு கூழாகியிருக்கும், மை ஓடியிருக்கும், முத்திரையில் பூஞ்சை. தென்காசி, செங்கோட்டை, புளியரை என்று கேரள எல்லையோரம் இருக்கிற நாம் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் இடம். எந்த டப்பா என்பதை அந்த இடம் முடிவு செய்யும். நோட்டும் முத்திரையும் எந்த அளவு என்பதை டப்பா முடிவு செய்யும்.

விளையாட்டு புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒருவர் ஒரு சின்ன டப்பாவுக்குள் ரப்பர் முத்திரையும் நோட்டும் வைத்து ஓரிடத்தில் ஒளித்துவிட்டு, அங்கே போய்ச் சேர ஒரு குறிப்பு எழுதி வெளியிடுவார். குறிப்பைப் பிடித்துக்கொண்டு தேடி வருபவர் டப்பாவில் இருக்கும் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார், தன்னுடைய சொந்த முத்திரையை டப்பா நோட்டில் பதித்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான், பரிசு கிரிசு எதுவும் கிடையாது. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எளிதில் போய்ச் சேர முடியாத சதுப்பு நிலத்தில் ஒரு பாட்டிலை வைத்தார், அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள், அதிலிருந்து வளர்ந்தது இது. அமெரிக்காவில் 1998-இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் பரவியது. ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் 2000-இல் வந்த இன்னொரு விளையாட்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் டப்பா விஷயத்தில் இரண்டு கூட்டத்துக்கும் தலைவலி ஒன்றுதான், தண்ணீர்.

நம் ஊர் மழை டப்பாவை என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் காற்று திரும்பியதும் நமக்குச் சாரல். மேற்கே கழுதுருட்டி, தென்மலைப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இந்தப் பக்கம் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். அது முடிந்தால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அது இடியோடு வரும். அதாவது வருஷத்தில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஈரம் டப்பாவைச் சுற்றி இருந்துகொண்டே இருக்கிறது. கொட்டும் மழையை விட இந்த வெயில், தூறல் மாற்றம்தான் மோசம். காரணம் சொல்கிறேன்.

வெயிலில் டப்பா சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று மூடி இடுக்கு வழியே கொஞ்சம் வெளியே போகும். திடீரென்று சாரல் அடித்து டப்பா குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி, போன அளவுக்குத் திரும்ப உறிஞ்சப் பார்க்கும். அந்த நேரம் மூடியைச் சுற்றி நிற்பது காற்று அல்ல, மழைத்தண்ணீர். 45 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் உள் அழுத்தம் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும், அந்த உறிஞ்சலின் பலம் டப்பாவை இரண்டடி ஆழத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்ததற்குச் சமம். "ஷவர் தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்லும் டப்பா மலையடிவாரத்தில் தோற்றுப்போவது இதனால்தான். மழை உள்ளே வரவில்லை, டப்பாவே இழுத்துக்கொண்டது.

ஆகவே நாம் தேடுவது வாஷர் வைத்த, அழுத்திப் பிடிக்கும் மூடி. அதோடு நேர் வெயில் படாத இடம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

காட்டுக்குள் வேண்டாம். இதில் பேரம் இல்லை. நம் மலையோரம் நிறைய பகுதி காப்புக்காடு, நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015-இல் வந்தது, கணவாயைத் தாண்டினால் செந்துருணி சரணாலயம். அனுமதி இல்லாமல் நுழைவதே தப்பு, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிட்டு வருவது அதைவிடத் தப்பு. ரயில் பாதையும் அப்படியே. 1904-இல் வந்த புனலூர் பாதையின் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்தால் யாருக்கும் அங்கே ஒன்று ஒளித்து வைக்கலாமே என்று கை பரபரக்கும், ஆனால் ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைவது சட்டப்படி குற்றம், ரோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், குறிப்பில் வேண்டுமானால் பாலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு, சோதனைச்சாவடி, கோயில் வளாகம், கரண்ட் டிரான்ஸ்பார்மர், இந்த நான்குக்கும் பக்கத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் என்ன? நிறைய இருக்கிறது. தெரிந்தவரின் தென்னந்தோப்பு, நண்பரின் வீட்டு மதில், டீக்கடை, வாடகை நூலகம், சைக்கிள் கடை, ஹோம்ஸ்டே திண்ணை. உரிமையாளரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய இடம் என்றால் டப்பாவை அவரே ஒரு கண் பார்த்துக்கொள்வார், அது எந்த வாஷரையும் விடப் பெரிய பாதுகாப்பு.

ரப்பர் தோட்டம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லையோரத்தில் ரப்பர் தோட்டம் எளிதாகக் கிடைக்கும், முதலாளி சரி என்றும் சொல்லிவிடுவார். ஆனால் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்னே ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போவார்கள், மரத்தில் கட்டியிருப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த பொருள், தெரியாத ஒன்று இருந்தால் கழற்றிப் பார்ப்பார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டால்தான் ஆகும். போதாததற்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலை மொத்தமாக உதிரும், தரையில் வைத்த டப்பா அதற்கடியில் போய்விடும். ஆகவே அங்கே தரை வேண்டாம்.

இடத்தை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். கூரைக்குள் இருப்பது (கடை, நூலகம்), தாழ்வார நிழலில் இருப்பது (திண்ணை, மதில் மாடம், கிணற்றடிக் கொட்டகை), திறந்தவெளி (தோப்பு, வேலி, கல்லடுக்கு). முதல் வகைக்கு எந்த டப்பாவும் சரி. இரண்டாவதுக்கு நடுத்தரம். மூன்றாவதுக்கு மட்டும்தான் கீழே எழுதியிருக்கும் கண்டிப்பு எல்லாம்.

எந்த டப்பா

*கிளிப் டப்பா.* நான்கு பக்கமும் கிளிப் வைத்து, மூடிக்குள் சிலிகான் வாஷர் ஓடுகிற சதுர டப்பா. புதிதாகத் தொடங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம், பெயர் பெற்ற கம்பெனிதான் வேண்டும் என்றில்லை, ஆனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பாத்திரக்கடையில் போய், "அண்ணாச்சி, மூடிக்குள்ள வாஷர் தனியா கழண்டு வர்ற டப்பா இருக்கா? சின்னதுல காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் முதலில் வெறும் அழுத்து மூடி டப்பாவைத்தான் எடுத்துப் போடுவார், "இதுவும் ஏர் டைட்டுதான் தம்பி" என்பார். வாஷர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாஷர் கழன்று வர வேண்டும், ஏனென்றால் அதன் பள்ளத்தில்தான் மண்ணும் முடியும் சேரும், கழற்றிக் கழுவ முடியாத வாஷர் ஒரு வருஷத்தில் தன் வேலையை மறந்துவிடும். மூடிவிட்டு டப்பாவைக் கன்னத்தருகே வைத்து அமுக்கிப் பாருங்கள், காற்று சீறிக்கொண்டு வந்தால் அடுத்ததை எடுங்கள். 200 மில்லியிலிருந்து 400 மில்லிக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் ஒளிக்க இடம் தேடி அலைய வேண்டும்.

இதற்கும் பலவீனம் உண்டு. கிளிப்பின் கீல் அந்த டப்பாவின் பிளாஸ்டிக்கே மெலிந்து மடிந்தது, வெயில் பட்டுப் பட்டு ஒருநாள் பட்டென்று உடையும். உடைந்த கிளிப்பை ரப்பர் பேண்டு போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ரப்பர் பேண்டு நம் வெயிலில் அதற்கு முன்னாலேயே உருகி ஒட்டும். இன்னொன்று, இந்த வகை டப்பாவில் தண்ணீர் புகுவதற்கு முதல் காரணம் டப்பா அல்ல, உள்ளே இருக்கும் ஜிப் கவரின் ஓரம் மூடிக்கும் வாஷருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது. தேடி வந்தவர் அவசரமாக மூடுவார், கவர் நுனி லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது போதும். ஆகவே கவர் டப்பாவை விடக் கண்டிப்பாகச் சின்னதாக இருக்க வேண்டும்.

*மருந்துக்கடை வெள்ளை டப்பா.* மாத்திரைகள் மொத்தமாக வரும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது எச்.டி.பி.இ., கெட்டியானது, கீழே விழுந்தாலும் உடையாது. தெரிந்த மருந்துக்கடையில் சொல்லி வைத்தால் சும்மாவே கிடைக்கும். வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளின் மிச்சத்தை நகத்தால் முழுக்கச் சுரண்டி எடுங்கள், அது இருந்தால் மூடி சமமாக உட்காராது. மூடிக்குள் மெல்லிய அட்டையோ நுரையோ வட்டமாக இருக்கும், நுரை என்றால் நல்லது, அட்டை என்றால் ஈரத்தில் ஊறும், பிடுங்கிவிட்டு சைக்கிள் டியூபில் அதே வட்டத்துக்கு வெட்டிப் போடலாம். மரை குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது வர வேண்டும். அரைச் சுற்றில் நிற்கும் மூடியைத் திறந்தவெளிக்கு எடுக்காதீர்கள். மருந்துப் பெயர் லேபிளை ஊறவைத்துக் கிழித்துவிடுங்கள், தோப்புக்குள் மாத்திரை டப்பாவைப் பார்ப்பவர் மனதில் என்னென்னவோ ஓடும்.

எண்ணைப் பற்றிச் சொன்னதால் இதையும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக், நல்ல திருகு மூடியோடு வந்தால் பயன்படும். 5 என்றால் பி.பி., கிளிப் டப்பாக்கள் பெரும்பாலும் அதுதான். 6 என்று இருந்தால் கண்ணாடி மாதிரி கணீரென்று இருக்கும், அழகாகவும் இருக்கும், விரல் அழுத்தினாலே விரிசல் விடும், வேண்டாம்.

*ப்ரீஃபார்ம்.* சோடா பாட்டிலை ஊதுவதற்கு முன்னால் சோதனைக்குழாய் மாதிரி ஒரு தடித்த குழாயாக இருக்குமே, அது. பாட்டில் ஊதும் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஒன்றிரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண சோடா மூடியே அதற்குச் சரியாகப் பொருந்தும். கேஸ் அழுத்தத்தைப் பிடித்து வைக்கச் செய்த மரை என்பதால் சின்ன டப்பாக்களில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குறை, உள்ளே விரல் கூடப் போகாது. சுருட்டிய காகிதமும் ஒரு விரல்நுனி அளவு முத்திரையும்தான் வைக்கலாம், காகிதத்தை வெளியே இழுக்க அதில் ஒரு நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் தேடி வந்தவர் குச்சியை விட்டு நோண்டிக் கிழித்துவிடுவார். முதல் டப்பாவாக இதை எடுக்க வேண்டாம்.

*ஃபிலிம் ரோல் டப்பா.* பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் இன்னும் கிடக்கும். மூன்று சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் உயரம். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் இதைப் புகழ்ந்திருப்பார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. நேர் மழையில் ஈரம் வாங்கும், மூடி இடுக்கில் ஒரு காகித இழை சிக்கினாலே போச்சு. திண்ணைக்கு, மாடத்துக்குச் சரி.

*சமையலறை டப்பாக்கள்.* பெருங்காய டப்பாவின் வாசனை எத்தனை கழுவினாலும் போகாது, ஊறுகாய் டப்பாவின் எண்ணெய் மூடி மரையில் ஒளிந்துகொண்டிருக்கும். நமக்கு அது பழைய வாசனை, எலிக்கும் எறும்புக்கும் அது அழைப்பிதழ். குற்றாலத்துப் பக்கம் குரங்கு வேறு. சாப்பாட்டு வாசனை துளி இருந்தாலும் கிளிப்பை எல்லாம் அது நம்மை விடச் சீக்கிரம் திறந்துவிடும். வேறு வழியில்லை, சமையலறை டப்பாதான் என்றால் சோடா உப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மூடியும் டப்பாவும் தனித்தனியாக வெயிலில் காயவைத்து, பிறகு மூடி வைத்து, மறுநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் அது கடுகு போட்டு வைக்கத்தான் லாயக்கு.

*எவர்சில்வர்.* சம்படம், டிபன் பாக்ஸ், தூக்கு எதுவும் தண்ணீரைத் தடுக்காது, மூடி வெறுமனே உட்கார்ந்திருப்பதுதான். தடுத்தாலும் நிலைக்காது, யார் வீட்டு அடுக்களைக்காவது போய்விடும். சுண்ணாம்பு டப்பா, விபூதிச் சம்படம், பொடி டப்பா, குங்குமச்சிமிழ் இதெல்லாம் கையளவில் அவ்வளவு லட்சணமாக இருக்கும், கூரைக்குள் இருக்கும் இடத்துக்கு இவற்றை விட அழகானது இல்லை. டீக்கடை மேசை இழுப்பறையில் ஒரு சுண்ணாம்பு டப்பா இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பழைய சுண்ணாம்பை மட்டும் வினிகர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெளியில் வேண்டாம்.

கட்டாயம் வேண்டாதவை: கண்ணாடி பாட்டில் (உடைந்தால் ஆடு மாட்டுக் காலில் ஏறும், பெரட் வைத்தது பாட்டில்தான், இருக்கட்டும்). மரப்பெட்டி, மூங்கில் குழாய் (கரையானுக்கு நாமே பரிமாறுவது). தகரம் (துரு). காந்தம் வைத்த சாவி டப்பா (இழுப்பு மூடி, தண்ணீர் தாராளமாகப் போகும்). படம் போட்ட குழந்தைகள் டிபன் பாக்ஸ் (குழந்தைகள் எடுத்துப் போவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை).

பிறகு பி.வி.சி. குழாய். இரண்டு முனையிலும் மூடி போட்ட குழாய் நீர்புகாது, மலிவு, பிளம்பர் கடையில் வெட்டியே கொடுப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் பார்ப்பதற்கு அது வெடிகுண்டு மாதிரி இருக்கிறது, அதுவும் இரு மாநில போலீஸும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் ரோட்டோரத்தில். வாங்கவே வேண்டாம்.

சோதனை, இதைத் தாண்டாதீர்கள்

டப்பாவைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு டிஷ்யூ தாளில் மைப்பேனாவால் கோடு போட்டு உள்ளே வையுங்கள். டப்பாவை நல்ல உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, சூட்டோடு ஒருமுறை திறந்து மூடுங்கள். உடனே பக்கெட் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மேலே அம்மிக்குழவியோ செங்கல்லோ ஏதாவது வைத்து முழுக்க அமுக்கி, ராத்திரி முழுக்க விடுங்கள். முன்பு சொன்ன அந்த உறிஞ்சல் இதில் அப்படியே நடக்கும்.

காலையில் எடுத்ததும் திறக்கக் கூடாது. மூடி இடுக்கில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி, கவிழ்த்துத் தட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் வெளித்தண்ணீர் உள்ளே சொட்டி நல்ல டப்பாவைத் தப்பாகக் கழித்துவிடுவீர்கள். கோடு துளியும் பரவாமல் இருந்தால் தேறியது. லேசாகப் பரவியிருந்தால் வாஷரைக் கழற்றிக் கழுவி இன்னொருமுறை பாருங்கள். மறுபடியும் பரவினால் அந்த டப்பா தாழ்வாரத்துக்கு.

வாஷருக்கு வாசலின் தடவலாமா என்று கேட்பார்கள். சிலிகான் வாஷருக்கு மெல்லிசாகத் தடவினால் கெடுதல் இல்லை. ஆனால் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பருக்குத் தடவ வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் சுற்றுவதும் பயனில்லை, முதலில் திறப்பவர் கையோடு அது வந்துவிடும்.

இப்போது உள்ளே போவது

டப்பா தேறிய பிறகு உள்ளளவை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடி அகலத்தை அளங்கள், வாயை அல்ல, பெரும்பாலான டப்பாக்கள் கீழே குறுகும். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் 74 x 105 மில்லிமீட்டர் வரும், நடுத்தரக் கிளிப் டப்பாவுக்கு அது சரியான அளவு. நான்கு முறை மடித்தால் 52 x 74, மாத்திரை டப்பாவுக்கு. அப்படி மடித்து வெட்டிய தாள்களை நடுவில் ஊசிநூலால் தைத்துவிட்டால் நோட்டு தயார். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், துருப்பிடித்துக் காகிதத்தில் காவி இறங்கும். வழவழப்பான தாளும் வேண்டாம், முத்திரை மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். சின்னதாக வெட்டிய பென்சில் ஒன்றை வையுங்கள், பேனா நம் வெயிலில் கக்கும்.

முத்திரையை வெள்ளை அழிப்பானில் நீங்களே செதுக்கலாம், கட்டைப்பிடி ஒட்டாமல் வெறும் அழிப்பானாகவே வைத்தால் உயரம் மிச்சம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த வகை அழிப்பான் பிளாஸ்டிக்கோடு நேராகத் தொட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தால் அதிலிருக்கும் மென்மையாக்கி கசிந்து, கெட்டியான பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிக்கொள்ளும். பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் அழிப்பான் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையைப் பருத்தித் துணியிலோ சாதாரண வெள்ளைத்தாளிலோ சுற்றி வையுங்கள், நோட்டோடும் தொட வேண்டாம்.

மைப்பேடு உள்ளே வைக்காதீர்கள். தேடி வருபவர் தன்னுடையதைக் கொண்டு வருவதுதான் வழக்கம், வைத்தாலும் ஒன்று காயும், இல்லை கசியும். நோட்டு ஒரு ஜிப் கவரில், முத்திரை இன்னொரு கவரில். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம், ஆனால் அது ஒரு அளவுக்கு மேல் ஈரம் குடிக்காது, அடுத்த முறை போகும்போது மாற்ற வேண்டும். அரிசியை முடிந்து போடச் சொல்வார்கள், போடாதீர்கள், பூஞ்சையும் எலியும் சேர்ந்து வரும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே, வெயில் அடிக்கும் காய்ந்த மத்தியானத்தில் அடுக்கி மூடுங்கள். சாரல் நேரத்தில் தோப்பில் நின்றுகொண்டு மூடினால் அந்த ஈரக்காற்றையே உள்ளே பூட்டிவிட்டு வருகிறீர்கள், ராத்திரி அது மூடிக்கடியில் முத்து முத்தாக வேர்க்கும்.

வெளியே போர்த்துவது

பளபளக்கும் நிறம் வேண்டாம், கவரில் சுற்றி வைப்பதும் வேண்டாம். பாலிதீன் சரசரப்பு என்றால் குரங்குக்கு அது தின்பண்டம் என்றுதான் அர்த்தம். வெள்ளை டப்பாவை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி, மண்ணிறப் பெயிண்ட் அடித்தால் போதும். பெயிண்ட் வாஷரிலும் மரையிலும் படக் கூடாது, மூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும்.

நம் பக்கம் இருக்கும் நல்ல போர்வை பாக்குமட்டை. டப்பாவைச் சுற்றிச் சணலால் கட்டிவிட்டால் தோப்பில் கிடக்கும் இன்னொரு மட்டை மாதிரிதான் இருக்கும், வெயிலும் நேராகப் படாது. சிரட்டையும் பயன்படும், ஆனால் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்ந்து இருந்தால் தண்ணீர் தேங்கி கொசு முட்டையிடும், டெங்குக்குச் சோதிக்க வரும் சுகாதாரப் பணியாளர் பார்த்தால் டப்பாவும் சேர்ந்து குப்பைக்குப் போகும், போக வேண்டியதுதான்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே, கல்லிடுக்கிலோ மதில் மாடத்திலோ, மூடி பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். மூடி மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். பொந்துக்குள் வேண்டாம், தேடி வருபவர் கையை விடுவார், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பாம்பு, தேள், பூரான் எல்லாம் மழைக்கு ஒதுங்கும் இடம் அதுதான். கை விடுவதற்கு முன்பே டப்பா கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்கட்டும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கயிறு போதும்.

எழுதி ஒட்டுவது

டப்பாவின் வெளியே, மூடி மேல்: "இது விளையாட்டுப் பெட்டி. உள்ளே ஒரு நோட்டும் ரப்பர் முத்திரையும் மட்டும். தோப்பு உரிமையாளர் அனுமதியோடு வைத்தது. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடவும்." இதைத் தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. மலையாளம் எழுதத் தெரியாவிட்டால் புளியரையில் யாரிடம் கேட்டாலும் எழுதித் தருவார்கள், அங்கே ரோட்டில் போகிற பாதிப் பேருக்கு இரண்டும் தெரியும். அதே வாசகத்தைத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயும் ஒன்று வையுங்கள், மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துப்போனாலும் உள்ளே இருப்பது இருக்கும். போன் நம்பர் போட வேண்டாம், இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பா ஊடுருவித் தெரிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, திறக்காமலேயே நோட்டும் முத்திரையும்தான் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒளித்து வைப்பதுதானே விளையாட்டு, ஊடுருவித் தெரியலாமா என்றால், அதற்குத்தான் மேலே பாக்குமட்டை.

போய்ப் பார்ப்பது

மே கடைசியில் ஒரு முறை, சாரல் ஓய்ந்ததும் செப்டம்பரில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. இதற்கு நேரம் இல்லை என்றால் திறந்தவெளியில் வைக்காதீர்கள், ஏதாவது ஒரு கடையில் கொடுத்துவிடுங்கள். போகும்போது ஒரு உபரி நோட்டு, உபரி வாஷர், காய்ந்த துணி, புது சிலிக்கா பொட்டலம் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே வேலை முடியும். வாஷரை எடுத்து விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். நோட்டு ஈரமாக இருந்தால் அங்கேயே உலர்த்தப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, தாள்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்துக் காயவிடுங்கள், மற்றவர்கள் பதித்த முத்திரைகள் அதில் இருக்கின்றன, அதைத் தூக்கிப்போடும் உரிமை நமக்கு இல்லை.

டப்பா காணாமல் போயிருந்தாலோ, தோப்பு கைமாறி புது உரிமையாளர் வேண்டாம் என்றாலோ, அன்றைக்கே குறிப்பைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். யாரோ ஒருவர் கொல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்து வெறும் மதிலைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

குறிப்பு எழுதும்போது டப்பாவின் அளவை மறக்காமல் சேருங்கள். "உள்ளங்கை அளவு", "கட்டைவிரல் அளவு" என்று ஒரு வார்த்தை போதும். தேடுபவர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ அதற்குத் தகுந்த இடத்தைத்தான் பார்ப்பார், ப்ரீஃபார்ம் வைத்திருக்கும் வேலியில் டிபன் பாக்ஸைத் தேடி கல்லையெல்லாம் புரட்டிப்போட்டால் தோப்புக்காரர் அடுத்த முறை நம்மை உள்ளே விடமாட்டார். பெரிய முத்திரை கொண்டு வருபவருக்கும் இது உதவும். கட்டைவிரல் அளவு நோட்டில் அது பதியாது, சின்ன முத்திரை இருந்தால் எடுத்து வரச் சொல்லிவிடுங்கள்.